கால் தரையில் படும் சத்தம்

தூங்கிவிடக் கூடாது. தூங்கினால் போச்சு. இப்படி நினைத்துக்கொண்டே இருப்பதுதான் தூக்கத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறதோ என்னமோ, திருமங்கலம் தாண்டுவதற்குள்ளேயே கண்ணில் யாரோ மணலைத் தூவின மாதிரி இருக்கிறது. செங்கோட்டை பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று சந்தோஷமாக உட்கார்ந்தேன், இப்போது வெயில் நேராக முகத்தில் விழுகிறது. பகல் வெளிச்சம் எனக்கு ஆகாது. ஆகாது என்றால் வியாதி ஒன்றும் இல்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான். மதுரை ரயிலடிக்கு எதிர்ச்சந்து லாட்ஜில் ராத்திரி மேனேஜராக வந்து உட்கார்ந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை, இப்போது அதே மீசைக்கு மை போட வேண்டியிருக்கிறது, நடுவில் இருந்த பகல்கள் எல்லாம் எங்கே போயின என்றால், மொட்டைமாடி அறையில், ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்து மாட்டி, அதற்குள் படுத்துத் தூங்கித் தீர்த்தாயிற்று. உலகத்தில் மற்றவர்கள் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, வீடு கட்டி, சண்டை போட்டுச் சமாதானம் ஆனதெல்லாம் அந்தக் கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் நடந்திருக்கிறது. நேற்று ராத்திரி டூட்டியை முடித்து, குளித்து, புதுச் சட்டையைப் போட்டு, படுக்காமல் நேராக வண்டி ஏறிவிட்டேன். படுத்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன். பாம்பகோவில் சந்தையில் இறங்க வேண்டும். சங்கரன்கோவிலுக்கு அடுத்த ஸ்டேஷன். சின்ன ஸ்டேஷன், வண்டி நின்றதா இல்லையா என்று தெரிவதற்குள் கிளம்பிவிடும் என்கிறார்கள். அங்கே கோமதி நின்றுகொண்டிருப்பாள்.

நிற்பேன் என்றுதான் சொன்னாள். “நீங்க போன்ல ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஞாயித்துக்கிழமை பாசஞ்சர்ல வாங்க. நான் ஸ்டேஷன்ல நிப்பேன். இறங்குனியன்னா வீட்டுக்குப் போய்ப் பேசுவோம். இறங்கலன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன். அதுக்கப்புறம் போன் பண்ணாதிய, ரெண்டு பேருக்கும் சங்கடம்.” கோபமே இல்லாத குரல். மழை வருமா வராதா என்று மேலே பார்த்துக்கொண்டே துணி காயப்போடுகிறவளின் குரல். போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் வருகிறேன் என்றுவிட்டு இறங்கவில்லையாம், இவள் அடுத்த வண்டி வரைக்கும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாளாம். அதை அவள் சொல்லவில்லை. அவள் அண்ணன் சொன்னார். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி மாடசாமி அண்ணாச்சி, மார்க்கெட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கள் லாட்ஜில்தான் படுப்பார், விடியுமுன்னே எழுப்பச் சொல்லுவார். ஒரு நாள் காலையில் தோளில் துண்டோடு மாடிப்படியில் இறங்கி வந்தவர், கீழே வராமல் பாதிப் படியிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பூமிநாதன், உங்களுக்குக் குடும்பம்னு...” “இல்லை அண்ணாச்சி.” “எனக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குதா. மாப்பிள்ளை செத்து ரொம்ப வருசம் ஆச்சு.” “என்னைப் போய் எதுக்கு அண்ணாச்சி?” அவர் சொன்ன பதிலை யாரிடமும் சொல்ல முடியாது, சிரிப்பார்கள். “நீங்க கதவு தட்டுறதைக் கேட்டுத்தான். எத்தனை ஊரு லாட்ஜுல படுத்திருக்கேன், ஒவ்வொருத்தனும் கதவை ஒடைப்பான். இப்படித் தட்டுறவன் பொம்பளை மேல கையை ஓங்க மாட்டான்.” அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, படிக்கட்டுக் கைப்பிடியைப் பார்த்தார். செத்துப்போன மாப்பிள்ளையைப் பற்றி நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் அவள் நான் தட்டிக் கேட்டதில்லையே. போனில் தொண்டையைச் செருமுகிற ஒரு ஆள், அதுதான் அவளுக்குத் தெரிந்த நான். இறங்கி, என்ன பேசுவது? ராத்திரியில் எனக்குப் பேச வரும். ராத்திரி வண்டிக்கு வருகிறவர்கள், வண்டி தப்பவிட்டவர்கள், தூக்கம் பிடிக்காதவர்கள், எல்லாரும் என் மேஜைக்கு எதிரே அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் சொல்லாததை எல்லாம் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், விடிந்தால் போய்விடப் போகிறோம் என்கிற தைரியத்தில். நானும் சொல்லியிருக்கிறேன். கேரளத்துக்காரர்கள் விட்டுப்போன பேப்பரை வைத்து மலையாள எழுத்துப் படித்தது, அறைகளில் மறந்துபோன புத்தகங்களை, முன்னட்டை இல்லாமலும் கடைசிப் பக்கங்கள் இல்லாமலும், ராத்திரி ராத்திரியாகப் படித்தது. ஊரில் பாதிப் பேருக்கு நான் ஒரு ராத்திரி சிநேகிதன். இரண்டாவது நாள் சிநேகிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மறுநாளும் அதே முகம், பட்டப்பகலில், எதிரே உட்கார்ந்து, அப்புறம் என்று கேட்டால்?

“ஏ தம்பி, சன்னலோரந்தான இருக்கிய? வெளிய என்ன தெரியுதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.” எதிர் சீட்டு அம்மா. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பெரிய கறுப்புக் கண்ணாடி, முகத்தில் பாதியை மறைத்திருக்கிறது. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இன்னொன்று அதைவிட மோசமாம். பெயர் ராமலட்சுமி, தென்காசி, இதெல்லாம் நான் கேட்காமலே விருதுநகருக்குள் சொல்லி முடித்துவிட்டாள். பக்கத்தில் ஒல்லியாக அவள் வீட்டுக்காரர் சங்கரபாண்டி. “நான் சொல்லுதேன்லா,” என்றார் அவர். “நீங்க சொன்ன லெச்சணந்தான் தெரியுமே. மதுரையிலருந்து காடு, காடு, காடுன்னு ஒரே காடா சொல்லிட்டு வாரிய. எதுத்தாப்புல யானை நின்னாலும் காடும்பிய.” அவளுக்கு அந்தப் பக்கம் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையன் வாய்விட்டுச் சிரித்தான். பையன் என்ன, முப்பது வயசு இருக்கும், மசூது, மதுரையில் சலூனில் வேலை, கடையநல்லூருக்கு வீட்டுக்குப் போகிறான், காலுக்கடியில் பெரிய அட்டைப்பெட்டி. நான் வெளியே பார்த்தேன். கண் கூசியது. “ஒரு கொக்கு நிக்குது.” “எங்க?” “வயல்ல. எருமை முதுகுல இன்னொண்ணு.” “ஆங், அப்படிச் சொல்லணும்!” “ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாங்க. பாதிச் சுவர் அடிச்சிருக்கு.” “என்ன கலரு?” கொஞ்சம் யோசித்தேன். லாட்ஜில் எல்லாம் டியூப்லைட் நிறம்தான், என் சட்டைகூட இங்கே வந்துதான் இப்படி ஒரு நீலம் என்று தெரிகிறது. “ரோஸ்னு நினைக்கிறேன்.” “மீதிப் பாதியை விட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பான், பாவி,” என்று அவள் திருப்தியாகச் சாய்ந்துகொண்டாள்.

அப்புறம் சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே தெரிய ஆரம்பித்தது. சிவகாசிப் பக்கம் ஏதோ ஒரு கொட்டகைக்கு வெளியே கலர்க் காகிதம் காயப்போட்டிருந்ததை, சைக்கிளில் ஒருத்தன் ஆட்டுக்குட்டியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனதை, மலை முதலில் மேகம் மாதிரி இருந்து பிறகு மலையாக ஆனதை. ஸ்ரீவில்லிபுத்தூரில், “கோபுரம் தெரியுது,” என்றேன். அந்த அம்மா சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள், கும்பிட்டது ரயில் கழிப்பறைப் பக்கம். சங்கரபாண்டி இரண்டு தோளையும் பிடித்து, குடத்தைத் திருப்பி வைப்பது போல மெதுவாக, கோபுரம் இருந்த பக்கம் அவளைத் திருப்பி வைத்தார். அவள் கும்பிட்டு முடிகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தினமும் ஒரு ஆளை இப்படித் தோளைப் பிடித்துத் திருப்பி வைப்பது, ஒரு ஆள் நம்மைத் திருப்பி வைப்பது, காடு காடு என்று சொல்லிப் பேச்சு வாங்குவது. இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும். எத்தனை வருஷப் பயிற்சியோ. நான் இன்றைக்கு இறங்கி எதை ஆரம்பிக்கப் போகிறேன், எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகு?

தலை என்றதும் மசூதின் கண் என் காதில் இருப்பது தெரிந்தது. “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. காது மடல்ல மை ஒட்டியிருக்கு.” முகம் சுட்டது. லாட்ஜ் வாஷ்பேசினில், பாதரசம் போன கண்ணாடியைப் பார்த்துப் போட்டது. “சோப்பு போட்டா போகாது, எண்ணெய் வேணும்,” என்றான். அதற்குள் அந்த அம்மா மடியில் இருந்த பையைத் துழாவித் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை நீட்டிவிட்டாள். அந்தப் பையன், எனக்கு மகனாக இருக்க வேண்டிய வயசுக்காரன், விரலில் எண்ணெயைத் தொட்டு என் காதைத் துடைத்தான். பிறகு சட்டைப்பையில் இருந்து சீப்பை எடுத்து, கேட்காமலே, வகிடை அந்தப் பக்கம் மாற்றிச் சீவினான். “இப்ப பாருங்க.” பார்க்கக் கண்ணாடி இல்லை. யாராவது என் தலையைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று. சலூன்காரன் தொடுவதுதான், ஆனால் அது அவன் கடை. “என்ன தம்பி, பொண்ணு பாக்கவா போறிய?” என்று ராமலட்சுமி சிரித்தாள். “சேச்சே, பாம்பகோவில் சந்தையில சொந்தக்காரங்க வீடு,” என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. இறங்கினால்தானே சொந்தம். ராஜபாளையம் வருவதற்குள் அவள் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழையிலையில் பிரித்து வைக்க, மசூது பரோட்டாவைப் பிய்த்து நடுவில் வைக்க, சங்கரபாண்டி இட்லிக்குப் பரோட்டாவே மேல் என்று சொல்லி அதற்கும் பேச்சு வாங்கினார்.

வயிறு நிறைந்ததும் வந்துவிட்டது. கழுத்து தானாகச் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து. “ராத்திரி வேலையா?” என்றார் சங்கரபாண்டி. அதுவரைக்கும் என்னோடு நேராகப் பேசாத மனுஷன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “சங்கரன்கோயில்ல தறி ஓட்டுனவன். ராத்திரி ஷிப்ட். அந்தக் கண்ணு எனக்குத் தெரியும்.” சொன்னேன், லாட்ஜ் வேலையை. எழுப்புவதைப் பற்றிச் சொன்னேன். அறைகளில் மணி வேலை செய்யாது, போய்த்தான் தட்ட வேண்டும், பேரைச் சொல்லிக் கத்தினால் பக்கத்து அறைக்காரன் எழுந்துகொள்வான். முதலில் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. உள்ளேயிருந்து “எழுந்துட்டேன்” என்று சத்தம் வரும், அதை நம்பக் கூடாது, தூக்கமே அப்படிப் பேசும். கால் தரையில் படுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். கால் பட்டால்தான் ஆள் எழுந்ததாக அர்த்தம். “எப்படித் தட்டுவிய? தட்டிக் காட்டுங்க,” என்றாள் அந்த அம்மா. பெட்டிப் பலகையில் தட்டிக் காட்டினேன். கறுப்புக் கண்ணாடியைச் சாய்த்துப் பாட்டு கேட்கிற மாதிரி கேட்டாள். “நல்லாருக்கு. பூனை வந்த மாதிரி இருக்கு. நீங்க படுங்க தம்பி. பாம்பகோயில் சந்தையில நாங்க எழுப்புதோம்.” என் பக்கத்தில் இருந்தவர் ராஜபாளையத்தில் இறங்கியிருந்ததால் சீட்டு முழுசும் காலி. செருப்பைக் கழற்றிக் கீழே தள்ளினேன். என்னை ஒருத்தர் எழுப்புவதாகச் சொல்லி நான் தூங்கியது அம்மா செத்த பிறகு இல்லை. அலாரம் வைத்துத்தான். அலாரம் காத்திருக்காது, கத்திவிட்டு அடங்கிவிடும்.

தூக்கம் நேராக வரவில்லை, வராண்டாவாக வந்தது. எங்கள் லாட்ஜ் வராண்டாதான், ஆனால் ஆடிக்கொண்டே போகிறது, இரண்டு பக்கமும் கதவுகள், எல்லாக் கதவுக்குள்ளும் யாரோ எழுப்பச் சொல்லியிருக்கிறார்கள். தட்டிக்கொண்டே போகிறேன். ஒரு கதவுக்குள் அந்தக் கும்பகோணத்துப் பெரியவர் இருக்கிறார். நிஜமாகவே இருந்தார், எப்போதோ ஒரு மழைக்காலத்தில், பிரிந்துபோன மகனைப் பார்க்கப் போகிறேன் எழுப்பிவிடு என்று படுத்தவர். தட்டினேன், சத்தமில்லை. ஆனால் மூச்சு கேட்டது. தூங்குகிறவன் மூச்சுக்கும், முழித்துக்கொண்டு அடக்குகிறவன் மூச்சுக்கும் வித்தியாசம் என் மாதிரி ஆளுக்குத் தெரியும். நான் நின்றேன். அவர் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும், வண்டி ஊதிக்கொண்டு போகிற சத்தத்தை இரண்டு பேரும் கேட்டோம். அது அடங்கின பிறகுதான், “நீ போப்பா, நான் போகலை,” என்றார். காலையில் கிளம்பும்போது கீழே வந்து எல்லாரிடமும், “நல்லாத் தூங்கிட்டேன், வண்டி போயிருச்சு,” என்றார். என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கதவை விட்டு அடுத்த கதவு. இதற்குள் கோமதி இருக்கிறாள். கையைத் தூக்குகிறேன், பலகையில் படமாட்டேன் என்கிறது. கதவுக்குக் கீழே வெளிச்சம், மஞ்சளா, ரோஸா. கால் சத்தம் அந்தப் பக்கம் கேட்கிறது, நடந்து போகிற சத்தம், தூரமாக...

“எழுப்பாதங்கேன்.” யாரோ கிசுகிசுக்கிறார்கள். வண்டி ஓடுகிறது. நான் படுத்திருக்கிறேன், கன்னத்துக்குக் கீழே மடித்த துண்டு, என் துண்டு இல்லை, யாரோ வைத்திருக்கிறார்கள். “சங்கரன்கோயில் தாண்டியாச்சுங்க. அடுத்தது சந்தைதான். அண்ணன் சொன்னாருல்ல?” இது மசூது. “சொன்னாரு. பாரு, எப்படித் தூங்குதாருன்னு பாரு.” இது சங்கரபாண்டி. “ராத்திரி வேலைக்காரனைப் பகல்ல எழுப்புறது பாவம்டே. தறியில கிடந்தப்ப எனக்கு ஒருத்தரும் இந்தத் தூக்கம் குடுக்கல. பிள்ளைங்க சத்தம், பாத்திரச் சத்தம். தூங்கட்டும். கடையநல்லூர்ல உன் கூட இறக்கிவிடு, பஸ்ஸுல ஏத்தி அனுப்பு. சொந்தக்கார வீடுதான, கொஞ்சம் பிந்திப் போனா என்ன, வீடு ஓடிரவா போகுது?” மசூதின் அட்டைப்பெட்டி நகர்கிற சத்தம்.

கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் முடிந்தது. திறக்காவிட்டாலும் முடிந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா, நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். நல்ல மனுஷர்கள், பிரியத்தில் எழுப்பாமல் விட்டுவிட்டார்கள், யார் மேலும் குற்றமில்லை. அண்ணாச்சியிடம்கூடச் சொல்லலாம், பொய்யே இல்லை. அந்த மொட்டைமாடி அறை அப்படியே இருக்கும், கறுப்புத் துணி அப்படியே இருக்கும், மாலையில் எழுந்து டீ குடித்துவிட்டுக் கீழே இறங்கினால் மேஜை, பெஞ்சு, விடிந்தால் போய்விடுகிற சிநேகிதர்கள். அவளும் கோபப்பட மாட்டாள். வீட்டுக்குப் போய்விடுவாள். போவாளா? அன்றைக்கு மாதிரி அடுத்த வண்டி வரைக்கும் உட்கார்ந்திருப்பாளா? வேகம் குறைகிறது. பிரேக் முனகுவது முதுகெலும்பில் தெரிகிறது. நல்லாத் தூங்கிட்டேன், வண்டி போயிருச்சு. அந்தப் பெரியவரின் குரல் எவ்வளவு சுலபமாக என் வாய்க்கு வருகிறது.

“ஏ, சும்மா இரிங்க ரெண்டு பேரும்.” ராமலட்சுமி. குரல் கிட்டே வந்தது. “அவரு தூங்கல. இது தூங்குத மூச்சு இல்ல. கண்ணைக் கட்டிப் போட்ட நாள்லருந்து எனக்குக் காதுதான் கண்ணு. தம்பி முழிச்சிட்டுத்தான் கெடக்காரு.” நான் மூச்சை அடக்கினேன், அடக்கினதும் அதுவும் அவளுக்குக் கேட்டிருக்கும் என்று தோன்றியது. வண்டி நின்றுவிட்டது. அவள் அதட்டவில்லை, தொடவில்லை. என் தலைக்குப் பின்னால் பலகையில் தட்டினாள். இரண்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று. கை பழக்கமில்லாமல், கொஞ்சம் இடறி, ஆனால் அதேதான். பிறகு ஒன்றும் செய்யாமல் காத்திருந்தாள். வெளியே அவள் இருப்பது தெரிந்தது, கதவுக்கு வெளியே ஒரு ஆள் நிற்பது உள்ளே படுத்திருப்பவனுக்குத் தெரியுமே அப்படி. இத்தனை வருஷமும் நான் அந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறேன், உள்ளே படுத்திருப்பவனுக்கு அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தட்டுவது ஒன்றுமே இல்லை. நிற்பதுதான் எழுப்புகிறது.

காலைக் கீழே போட்டேன். பெட்டித் தரையில் சத்தம் கேட்டது.

“ஆச்சு, எந்திரிச்சாச்சு!” என்றாள். அதற்கப்புறம் எல்லாம் ஒரே களேபரம். மசூது என் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான், ஒரு செருப்புதான் காலுக்கு அகப்பட்டது, இன்னொன்று அட்டைப்பெட்டிக்குப் பின்னால் எங்கேயோ, சங்கரபாண்டி சீட்டுக்கடியில் தலையை விட்டுத் தேட, அந்த அம்மா, “குனியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது எனக்குத்தான், நீங்க நல்லாக் குனிஞ்சு பாருங்க,” என்று விரட்ட, மசூது என் முதுகில் கை வைத்து, “எறங்குங்க அண்ணே, போட்டுருதேன்,” என்று கிட்டத்தட்டத் தள்ளினான். இறங்கிவிட்டேன். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் கொதிக்கிற சிமென்ட். வெயில். எத்தனை வெயில். ஒரு வேப்பமரம், ஒரு பெயர்ப்பலகை, அதற்குக் கீழே குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அவள் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்த பார்வை என் மேல் வந்து நின்றது. வண்டி ஊதியது.

“தம்பி!” ஜன்னல் கம்பிக்குள் கறுப்புக் கண்ணாடி. “தம்பி, யாரு வந்திருக்கா? யாராச்சும் நிக்காவளா? சொல்லிட்டுப் போங்க!”

“நிக்கிறாங்க!” என்று கத்தினேன்.

“பொம்பளையா? என்ன கலரு சேலை?”

வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. ஜன்னலோடு சேர்ந்து நொண்டிக்கொண்டே ஓடினேன், ஒரு பக்கம் சுட்டது. திரும்பிப் பார்த்தேன், நன்றாக, கண்ணைச் சுருக்காமல் பார்த்தேன். “மாம்பழக் கலர்!” என்று கத்தினேன். அந்த அம்மா கைதட்டினாள். அவள் தோளுக்கு மேலே சங்கரபாண்டியின் தலை தெரிந்தது, தூசியும் சிரிப்புமாக. வாசலில் மசூது தொங்கிக்கொண்டிருந்தான். “அண்ணே, பிடிங்க!” செருப்பு சுழன்று வந்து, என்னைத் தாண்டி, கோமதி நின்ற இடத்துக்கு முன்னால் தொப்பென்று விழுந்தது.

வண்டி போய்விட்டது. அது போன பிறகு ஸ்டேஷன் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. அவள் செருப்பைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், பிறகு தன் சேலையைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். போனில் கேட்ட அதே குரல்.

“மாம்பழம் இல்ல. இது எலுமிச்சம்பழக் கலரு.”

“பகல்ல பார்த்துப் பழக்கம் இல்லை,” என்றேன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டது சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். குடையை விரித்தாள். “மொதல்ல செருப்பைப் போடுங்க,” என்றாள். “தரை சுடுது.”